முன் டிஸ்க் காலிப்பரைப் பிரித்துப் பூட்டுவது: நெல்லைப் பக்கத்து வண்டிகளுக்காக

உவரி, கூடங்குளம், இடிந்தகரை என்று கடலோரத்தில் ஓடும் பைக்குகளுக்குப் பொதுவாக ஒரு வியாதி வரும். டிஸ்க்கைக் கவ்வும் உராய்வுத் துண்டான பேடில் இன்னும் தேயப் பாக்கி இருக்கும், ஆனால் முன் டிஸ்க் சரியாகப் பிடிக்காது. இல்லையென்றால் பிடித்தது விடாது. வண்டியைத் தள்ளினால் கனக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோகும்போதே அனல் அடிக்கும். புது பேட் போட்டதும் சில வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். ஏனென்றால் கோளாறு பேடில் இல்லை. பேடை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்திலும், காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் பின் என்ற கம்பியிலும்தான் அது இருக்கிறது. இந்த இரண்டு இடத்தையும் சுத்தம் செய்து, சரியான கிரீஸ் வைத்துப் பூட்டுவதுதான் உண்மையான பிரேக் வேலை. பேட் மாற்றுவது அதில் ஐந்து நிமிடப் பகுதி.

நம் பக்கத்தில் காலிப்பர் சீக்கிரம் கெட மூன்று காரணங்கள் உண்டு. கடலோரத்தில் உப்புக்காற்று. திசையன்விளையை ஒட்டிய தேரிப் பகுதியில், மாவாக அரைத்ததைப் போன்ற செம்மணல். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் வயல், வாழைத்தோட்டச் சேறு. இவை போக வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனிக் கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறி, நெல்லை ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. அன்று மூழ்கிய வண்டிகளில் எஞ்சின் ஆயிலை மாற்றியவர்கள் பலர். காலிப்பரைப் பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்த வண்டல், பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் என்ற உறைக்குள் புகுந்து காய்ந்திருந்தால், தானாக வெளியே வர வழியே கிடையாது.

இந்தக் கட்டுரை, முன்னால் ஒரே டிஸ்க்கும், பேடைத் தள்ளும் பிஸ்டன் ஒன்றோ இரண்டோ உள்ள நகரும் வகைக் காலிப்பரும் கொண்ட சாதாரண வண்டிகளுக்கானது. 125 முதல் 220 சிசி வரையிலான பெரும்பாலான பைக்குகள் இந்த வகைதான். காலிப்பருக்கு இரண்டு ஆயில் ஹோஸ் வரும், முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் வண்டியாக இருந்தால், தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் பின், பேட் வேலை இதேதான். ஆனால் சக்கரத்தின் ஓரமுள்ள சென்சாரையும் அதன் வயரையும் இழுக்கக் கூடாது. மேலே ஹாண்டிலில் உள்ள பிரேக் ஆயில் டப்பா ஒரு நொடிகூட வற்றக் கூடாது. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் வீட்டில் எடுப்பது கஷ்டம், சர்வீஸ் சென்டரில் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

வண்டி நிற்பதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதனால் எந்த இடத்திலாவது 'சரியாக இருக்குமா' என்று சந்தேகம் வந்தால் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நிலையிலேயே வேலையை நிறுத்திவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வேலைக்கு முன் வாங்க வேண்டியவை

ஸ்பேர் கடைக்குப் போகும்போது வண்டியின் மாடலோடு வருஷத்தையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வரும் பைக்கில்கூட சில வருஷங்களில் காலிப்பர் மாறியிருக்கும், சீல் அளவும் மாறியிருக்கும். பழைய சீலைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் மேல் வைத்துப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது. சீல் கிட், அதாவது பிஸ்டனுக்கான இரண்டு ரப்பர் வளையமும் பின்னுக்கான ரப்பர் பூட்டும், கம்பெனிப் பொருளாகவே வாங்குங்கள். ஹாண்டில் கிரிப்பிலும் மிரரிலும் டூப்ளிகேட் போட்டால் பரவாயில்லை, இதில் வேண்டாம்.

பிரேக் ஆயில் எந்த வகை என்பது வண்டியின் ஆயில் டப்பா மூடியிலேயே அச்சிட்டிருக்கும். நம் வண்டிகளில் டாட் 3 அல்லது டாட் 4 வரும், புது வண்டிகளில் பெரும்பாலும் டாட் 4. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். பெயரில் அடுத்த எண்ணாக இருக்கிறதே என்று அதை வாங்கி இதனோடு கலந்துவிடாதீர்கள், இரண்டும் சேராது. சீல் உடைக்காத புதுப் பாட்டிலாகத்தான் இருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. போன ஐப்பசியில் பாதி ஊற்றிவிட்டு அலமாரியில் வைத்த பாட்டில் இன்றைக்கு ஆகாது.

ஹோஸைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், அதைக் காலிப்பரோடு பிடித்திருக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கு இரண்டு புது வாஷர் தேவை. அப்புறம் பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப், பிரேக் கிளீனர் ஸ்பிரே அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், நூல் உதிராத வெள்ளைத் துணி. ஏர் எடுக்க, அதாவது ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, மீன் தொட்டிக்குப் போடும் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய் ஒன்று, ஒரு காலி பாட்டில். ரிங் ஸ்பேனர், ஆலன் கீ செட், கிடைத்தால், எவ்வளவு இறுகியது என்று காட்டும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் சொந்தமாக வேண்டும் என்பதில்லை, பழகிய பட்டறையில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குத் தருவார்கள். கடைசியாக, கொஞ்சம் பனை ஈர்க்கு. அது எதற்கு என்று கீழே வரும்.

பிரிப்பது

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மெயின் ஸ்டாண்ட் இல்லாத வண்டியென்றால் சமதளத்தில், கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். டேங்க் மேலும் மட்கார்டு மேலும் ஈரத்துணி விரித்துவிடுங்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைத்துக்கொண்டிருக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், தண்ணீரில் அது கரைந்து போய்விடும்.

எதையும் கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். குறிப்பாக பேடுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் தகடு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, ஹோஸ் எந்த வழியாகப் போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும்.

பேடுகளைத் தாங்கும் பேட் பின் அல்லது அதன் மூடித் திருகு இறுக்கமாக இருக்கும். காலிப்பர் ஃபோர்க்கில் இருக்கும்போதே அதை ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தளர்த்துவது பெரும்பாடு. அடுத்து ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்துக் காலிப்பரை டிஸ்க்கிலிருந்து உருவுங்கள். உருவிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடக் கூடாது, ஒரு கயிற்றால் ஹாண்டில் பாரில் கட்டிவிடுங்கள்.

பேடை எடுத்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது முக்கியமான சோதனை. இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் காலிப்பர் பின் மேல் சரியாக நகர்கிறது என்று அர்த்தம். ஒன்று தேய்ந்து தகடாகி, மற்றது பாதி மிச்சம் இருந்தால் பின் சிக்கியிருக்கிறது. ஒரே பேட் மேலிருந்து கீழாகச் சரிவாகத் தேய்ந்திருந்தாலும் அதே காரணம்தான், இரண்டு பின்னில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கும்.

பிஸ்டனை வெளியே எடுக்க வண்டியின் சொந்த ஆயில் அழுத்தமே போதும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன், மேலே ஆயில் வற்றாமல் பார்த்துக்கொண்டு லிவரை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் பிஸ்டன் வெளியே வரும். இரண்டு பிஸ்டன் இருந்தால் ஒன்று முந்தும். முந்துவதை ஒரு மரத்துண்டால் அடக்கிப் பிடித்து இரண்டையும் சேர்த்தே கொண்டு வாருங்கள். கையால் பிடித்து உருவும் அளவு வந்ததும் நிறுத்திவிட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்து ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸின் முனையை உடனே சுத்தமான பிளாஸ்டிக் உறையால் கட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடித்துப் பிஸ்டனை எடுக்கும் பழக்கம் உண்டு. பிஸ்டன் குண்டு மாதிரித்தான் வெளியே பாயும், எதிரே விரல் இருந்தால் நசுங்கிவிடும். புதிதாகச் செய்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஏபிஎஸ் வண்டியில் உள்ளே வேலை இல்லை, பின்னும் பேடும்தான் என்றால் ஹோஸைத் தொடாமலேயே முடித்துவிடலாம். பிஸ்டனும் சீலும் எடுத்தாக வேண்டுமென்றால் வண்டி சர்வீஸ் சென்டருக்கே போகட்டும்.

சீல் பள்ளம்

பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். பிஸ்டன் போகும் துளைக்குள் விரலைவிட்டுத் தடவினால் இரண்டு பள்ளம் தட்டுப்படும். உள்ளே இருப்பது ஆயிலைத் தாங்கும் தடித்த சீலுக்கு. வாய்க்கு அருகே இருப்பது தூசியைத் தடுக்கும் மெல்லிய சீலுக்கு.

இந்தத் தடித்த சீலின் வேலையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. முன்கையில் கட்டைவிரலை அழுத்தி லேசாக முன்னால் தள்ளிப் பாருங்கள். விரல் வழுக்காது, தோல் கூடவே நகர்ந்து வரும், அழுத்தத்தை விட்டதும் தோல் விரலையும் கூட்டிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகும். சீல் செய்வதும் அதுதான். லிவரைப் பிடித்தால் பிஸ்டன் மயிரிழை அளவு முன்னே போகிறது. அதோடு ஒட்டிக்கொண்டு, சதுர முகம் கொண்ட அந்த ரப்பர் வளையமும் சாய்கிறது. லிவரை விட்டதும் ரப்பர் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்குக் கொண்டுவருகிறது. பேட் தேயத் தேயப் பிஸ்டன் சீலுக்குள் கொஞ்சம் வழுக்கி முன்னே போய், இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும்.

சீல் சாய்ந்து நிமிர வேண்டுமென்றால் பள்ளத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் காலிப்பரின் அலுமினியம் பூக்கும். வெளிர் சாம்பலும் வெள்ளையுமாக, சுண்ணாம்பு அப்பியது போல ஒரு படிவு பள்ளத்தின் மூலையில் வளரும். அந்தப் படிவு சீலைப் பின்னாலிருந்து தள்ளி பிஸ்டன் மேல் இறுக்கிவிடும். அப்புறம் சீல் அசையாது, பிஸ்டன் திரும்பாது, பேட் டிஸ்க்கிலேயே உரசிக்கொண்டு கிடக்கும். புது சீல் வாங்கி இந்தப் படிவின் மேலேயே மாட்டினால் இன்னும் இறுக்கமாகிவிடும். 'கிட் மாத்தியும் சரியாகல அண்ணாச்சி' என்று வரும் வண்டிகளில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

பழைய சீல் இரண்டையும் எடுத்துவிடுங்கள், அவை திரும்பப் போடுவதற்கல்ல. பள்ளத்தைச் சுரண்ட ஸ்க்ரூ டிரைவர், ஆக்சா பிளேடு, ஊசி எதுவும் வேண்டாம். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே ஆயில் கசியும். பனை ஈர்க்கு இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒரு முனையைச் சாய்வாகச் சீவி, பிரேக் கிளீனரில் நனைத்து, பள்ளத்தின் மூலையில் வைத்துச் சுற்றிலும் தள்ளுங்கள். முதல் சுற்றில் ஈரமான சாம்பல் குழம்பு வரும். துடைத்துவிட்டு மறுபடியும் தள்ளினால் பொருக்குப் பொருக்காகப் பெயரும். ஈர்க்கின் முனை மழுங்கினால் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள். பள்ளத்தின் அடியிலும் இரண்டு ஓரத்திலும் ஈர்க்கு எங்கும் தடைபடாமல் வழவழவென்று ஓடினால், வேலை முடிந்தது. மூங்கில் சிம்பும் ஆகும், ஆனால் ஈர்க்கு வளைந்து கொடுப்பதால் மூலைக்குள் நன்றாகப் போகும்.

உலோகப் பாகங்களை பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசலில் கழுவும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பருக்கு இந்த எண்ணெய்கள் ஆகாது, பட்டால் ஊதிப் பெருத்துவிடும். துளியும் மிச்சமில்லாமல் காய்ந்ததா என்று உறுதி சொல்ல முடியாததால் அந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவது நல்லது. வெளிப்பக்கச் சேற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், உள்பக்கம் பிரேக் கிளீனரோ ஆல்கஹாலோ மட்டும். பேட் தூளை வாயால் ஊதவும் வேண்டாம், காற்றடித்துப் பறக்கவிடவும் வேண்டாம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஈரத்தோடு துடையுங்கள்.

பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், அதுவும் சீல் ஓடும் பகுதியில் இருந்தால், புதுப் பிஸ்டன்தான் வழி. வெறும் கறையாக இருந்தால் பிரேக் ஆயில் தொட்ட துணியால் தேய்த்தாலே போய்விடும். உப்புத்தாள் போட்டால் மேலிருக்கும் பூச்சு போய், இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

சீலும் பிஸ்டனும் பூட்டுவது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். புது சீல்களைச் சுத்தமான கிண்ணத்தில் ஊற்றிய புது பிரேக் ஆயிலில் முக்கி எடுங்கள். தடித்தது உள் பள்ளத்துக்கு, மெல்லியது வெளிப் பள்ளத்துக்கு. ஒரு பக்கத்தில் உட்காரவைத்து, விரல் நுனியால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே போனால் தானாக விழும். விழுந்த பிறகு ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். எங்காவது மேடு தட்டினால் அங்கே சீல் முறுக்கியிருக்கிறது. எடுத்துத் திரும்பப் போடுங்கள்.

பிஸ்டனின் வெளிப்பக்கத்திலும் கொஞ்சம் பிரேக் ஆயில் தடவிக்கொள்ளுங்கள். குழிவான பக்கம் பெரும்பாலான வண்டிகளில் பேடைப் பார்த்து வரும், எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். துளையின் வாயில் நேராக நிறுத்தி, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்துங்கள். முதல் சீலைத் தாண்டும்போது ஒரு தடை, இரண்டாவதைத் தாண்டும்போது இன்னொரு தடை. அதன் பிறகு ஒரே சீரான அழுத்தத்தில் அடி வரை போக வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டு சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடியும் ஆரம்பியுங்கள். சுத்தியலுக்கும் வைஸுக்கும் இங்கே வேலையே இல்லை. கட்டைவிரலுக்குப் போகாத பிஸ்டன் என்றால் பள்ளம் சுத்தமாகவில்லை, அல்லது சீல் அளவு தப்பு.

பின், பூட், கிரீஸ்

பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அது பக்கத்து பேடை டிஸ்க் மேல் அழுத்தும்போது, எதிர்விசையில் காலிப்பர் உடம்பு முழுவதும் நகர்ந்து, மறுபக்கத்து பேடையும் இழுத்துக்கொண்டு வந்து டிஸ்க்கைக் கவ்வுகிறது. அந்த நகர்வு நடப்பது இரண்டு பின் மேல். ஃபோர்க்கோடு இறுகியிருக்கும் பிராக்கெட் அசையாது, உடம்பு மட்டும் பின் மேல் சறுக்கும். உப்பும் மண்ணும் பின்னைப் பிடித்துவிட்டால் பிரேக்கில் பாதிதான் வேலை செய்யும்.

இரண்டு பின்னும் ஒன்று போலத் தெரிந்தாலும் சில வண்டிகளில் ஒன்று கொஞ்சம் மெலிந்தோ, ரப்பர் உறை போட்டோ இருக்கும். எது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும். பழைய கிரீஸ் முழுவதையும் துடைத்தெடுங்கள். துளைக்குள் ஈர்க்கில் துணி சுற்றி விட்டு, துணி வெள்ளையாகத் திரும்பி வரும் வரை எடுங்கள். வெள்ளத்தில் கிடந்த வண்டி என்றால் துளையின் அடியில் வண்டல் கட்டியாக உட்கார்ந்திருக்கும், அதைக் குத்தி எடுக்காமல் விட்டால் பின் கடைசி வரை போகாது. பின்னில் துருக்குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

செயினுக்கும் பேரிங்குக்கும் போடும் மஞ்சள் கிரீஸ் இங்கே கூடாது. கடைக்காரர் எல்லா கிரீஸும் ஒன்றுதான் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் பூட் ஊதி, பின்னை இறுக்கிப் பிடித்துவிடும். சிலிக்கான் கிரீஸ் மட்டும், அதுவும் பின் பளபளக்கும் அளவு மெல்லிய பூச்சாக. துளை நிறைய அப்பினால், பின்னை அழுத்தும்போது கிரீஸுக்குப் போக இடமில்லாமல் பூட்டைப் பிதுக்கும், காலிப்பரைத் திரும்பத் தள்ளும். புது பூட்டின் உதடு பின்னிலுள்ள வரிப்பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். இங்கே ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் அடுத்த மழைக்கே தண்ணீர் உள்ளே போய்விடும்.

பூட்டியதும் பிராக்கெட்டை ஒரு கையில் பிடித்து, உடம்பை இரண்டு விரலால் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெண்ணெயாக வழுக்கத் தேவையில்லை. ஆனால் எந்த இடத்திலும் நின்று குதிக்காமல் ஒரே சீராகப் போய்வர வேண்டும். குதித்தால் திரும்பக் கழற்றிப் பாருங்கள். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் முன்னே செய்ததெல்லாம் வீண்.

பேட், டிஸ்க், போல்ட்

ஸ்பிரிங் தகட்டைப் படத்தில் இருந்தபடி வையுங்கள். பேடின் காது பிராக்கெட்டில் உள்ள எவர்சில்வர் கிளிப்பில் உட்கார்ந்து எளிதாக நகர வேண்டும். கிளிப்பில் சேறு இருந்தால் பேட் அங்கேயே சிக்கும். பேட் பின்னைத் துடைத்துச் சுத்தமாகப் போட்டு, லாக் கிளிப் உண்டென்றால் மறக்காமல் மாட்டுங்கள். பேடின் உராயும் முகத்தை விரலால் தொடவே வேண்டாம். ஆயிலோ கிரீஸோ பட்ட பேடை அடுப்பில் வாட்டியும் உப்புத்தாளில் தேய்த்தும் காப்பாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. ஊறிய எண்ணெய் முழுவதும் போகாது, சூடானதும் மேலே வரும். அந்த பேடைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள்.

டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். வெர்னியரால் தேய்ந்த இடத்தில் நாலைந்து பக்கம் அளந்து பாருங்கள், அந்த எண்ணுக்குக் கீழே போயிருந்தால் டிஸ்க் மாற்ற வேண்டும். ஆல்கஹால் தொட்ட துணியால் இரண்டு முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

இரண்டு பேடுக்கும் நடுவில் டிஸ்க் நுழையும்படி காலிப்பரை நேராக இறக்குங்கள், இடித்தால் பேடின் ஓரம் பெயரும். போல்ட் இரண்டையும் முதலில் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். மறை தப்பி ஏறினால் அலுமினிய ஃபோர்க்கின் மறையே போய்விடும், அந்தச் செலவு இந்த வேலையின் மொத்தச் செலவைவிட அதிகம். இறுக்கும் அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கணக்கு. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும். காலிப்பரில் ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகான நிப்பிளுக்கு அதில் கால்வாசிதான், கை மணிக்கட்டு பலத்துக்கு மேல் போனால் முறிந்து உள்ளேயே நின்றுவிடும். ஸ்பேனருக்குப் பைப் மாட்டி இறுக்குவது எந்த இடத்திலும் வேண்டாம்.

பேன்ஜோ போல்ட்டில் ஹோஸின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு புது வாஷர். ஹோஸ் பழைய வழியிலேயே போகிறதா, ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பினால் எங்கும் இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏர் எடுப்பது

ஹாண்டிலைத் திருப்பி, ஆயில் டப்பா மட்டமாக இருக்கும்படி வையுங்கள். மூடித் திருகுகள் மென்மையானவை, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றுங்கள். நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் மேல் மீன் தொட்டிக் குழாயைச் சொருகி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும்.

லிவரில் வீட்டுப் பையன் யாரையாவது நிறுத்துங்கள். 'அமுக்குலே' என்றால் இரண்டு மூன்று முறை மெதுவாக அமுக்கிக் கடைசியில் பிடித்துக்கொள்ள வேண்டும். 'பிடிச்சிட்டேன்' என்று அவன் சொன்னதும் நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். லிவர் ஹாண்டில் வரை இறங்கும், குழாயில் குமிழியோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் 'விடு' என்று சொல்ல வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். அவ்வப்போது மேலே பாருங்கள், ஆயில் கீழ்க் கோட்டுக்கு வருவதற்குள் ஊற்றுங்கள். காலிக் காலிப்பரில் ஆரம்பத்தில் வெறும் காற்றுதான் வரும், லிவரில் ஒன்றுமே தட்டாது. பயப்பட வேண்டாம், பொறுமையாக அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆயில் இறங்கும்.

குழாயில் குமிழியே இல்லாமல் ஆயில் வந்தும் லிவர் பஞ்சு போல இருந்தால், காற்று எங்கோ மேட்டில் ஒளிந்திருக்கிறது. ஹோஸைக் கீழிருந்து மேலாக விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். காலிப்பரில் நிப்பிள்தான் உச்சியில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் அது சாய்ந்திருப்பதால், காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவில் டிஸ்க் தடிமனுக்கு மரத்துண்டு கொடுத்து, நிப்பிள் மேலே வரும்படி பிடித்து ஏர் எடுத்தால் வந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் லிவரைக் கயிற்றால் ஹாண்டிலோடு இழுத்துக் கட்டி இரவு முழுவதும் விட்டுவையுங்கள். காலையில் பெரும்பாலும் கெட்டியாகியிருக்கும்.

ஆயில் பழசானால் என்ன ஆகும் என்பது மலையிலிருந்து இறங்கும்போது தெரியும். டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் இருக்க வேண்டிய அளவு 155 டிகிரி, அதற்கு மேல் எந்த உத்தரவாதமும் கிடையாது. மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கோ, காரையாரிலிருந்து பாபநாசத்துக்கோ பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் காலிப்பர் காயும். ஈரம் ஏறிய ஆயில் உள்ளே ஆவியாகும், லிவர் திடீரென்று காலியாக இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இறங்கும்போது சின்ன கியரில் வருவதும் இதற்காகத்தான்.

மூடும் முன் உள்ளே இருக்கும் ரப்பர் மூடியின் மடிப்பை உள்ளே தள்ளிச் சமமாக வைத்து, திருகை இறுக்குங்கள். வெளியே வந்த பழைய ஆயிலை ஓடையிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். பாட்டிலில் மூடி, எஞ்சின் ஆயில் சேர்த்து வைக்கும் பட்டறையில் கொடுங்கள்.

ஓட்டுவதற்கு முன்

வண்டியை அசைக்கும் முன் லிவரை அமுக்கி அமுக்கி விடுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை லிவர் வெறுமனேதான் இறங்கும். இதை மறந்து வாசலை விட்டு இறங்கிய வண்டிக்கு முதல் தெருமுனையில் பிரேக்கே இருக்காது. லிவர் கெட்டியானதும் ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேன்ஜோ, நிப்பிள், பிஸ்டன் மூன்றையும் வெள்ளைத்தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டக் கூடாது. அப்புறம் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். லேசாக உரசும் சத்தம் கேட்கலாம், ஆனால் லிவரை விட்டதும் சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

முதலில் வீட்டுத் தெருவில் நடைவேகம். பிறகு ஆளில்லாத ரோட்டில் புது பேடைப் பழக்க வேண்டும். 40, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து 10 வரை குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் விட்டு, கொஞ்சம் ஓட்டி ஆறவைத்து, மறுபடியும். இருபது தடவை வாக்கில் இப்படிச் செய்தால் பேட் முகம் டிஸ்க்கோடு படியும். அதற்கு முன் நாலுவழிச்சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் என்று கிளம்ப வேண்டாம். பழக்கி முடித்து, ஓரிரு கிலோமீட்டர் முன் பிரேக்கைத் தொடாமலேயே ஓட்டி, பின் பிரேக்கில் நிறுத்துங்கள். டிஸ்க்கின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் பேட் இன்னும் உரசுகிறது. திரும்பவும் காலிப்பர் பின் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடலோர வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்னைக் கழற்றிக் கிரீஸ் மாற்றுங்கள். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு வருஷம் ஒருமுறை போதும். வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னைக் காலிப்பரின் பூட் பக்கம் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த அன்று வாளித் தண்ணீரை மேலாக ஊற்றிக் கழுவினாலே உப்பு போய்விடும்.

காலிப்பர் போல்ட் இரண்டின் தலையிலிருந்தும் ஃபோர்க் வரை நெயில் பாலிஷால் ஒரு நேர்கோடு இழுத்துவிடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் உட்கார்ந்து பாருங்கள். கோடு ஒட்டியே இருந்தால் போல்ட் நகரவில்லை. விலகியிருந்தால் அந்தப் போல்ட்டைக் கழற்றி, மறையைத் துடைத்து, திரும்ப அளவாக இறுக்கிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.